மறைகுறி நாணயப் பணப்பையில் கட்டண மதிப்பீட்டையும் வலையமைப்பு நெரிசலையும் காட்டுதல்

மாணவர்களே, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் உள்ளீடு, முறைவழியாக்கம், வெளியீடு என்ற மூன்றையும் பல தடவை படித்திருப்பீர்கள். உதாரணம் கேட்டால் பெரும்பாலானோர் பாடசாலைப் புள்ளிப் பட்டியலையோ கடைச் சிட்டையையோ எழுதுவர். அவற்றில் விடை ஒன்றே, கூட்டினால் வரும். இப்பாடத்தில் நோக்குவது சற்று வேறுபட்ட உதாரணமாகும். இங்கே வெளியீடு ஓர் எதிர்வுகூறல். அது பிழைத்தால் பயனரின் பணம் வீணாகும், அல்லது பல மணித்தியாலங்கள் அசையாது நிற்கும். எனவே எதனைக் கணிப்பது என்பதோடு, கணித்ததை எவ்வாறு சொல்வது என்பதும் இங்கு முக்கியமாகும்.

முதலில் ஒரு குறிப்பு. மறைகுறி நாணயங்களின் இடர்கள் பற்றி இலங்கை மத்திய வங்கி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை அறிவித்தல்கள் விடுத்துள்ளது. இப்பாடம் மென்பொருள் பற்றியது. அந்நாணயங்களை வாங்குமாறு தூண்டுவது இதன் நோக்கமன்று.

அடிப்படைக் கருத்துகள்

பிட்கொயின் வலையமைப்பு 2009 ஜனவரி 3 ஆம் திகதி தொடங்கியது. இதில் ஒரு பிட்கொயின் 100,000,000 சிறு அலகுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வோர் அலகும் சடோசி எனப்படும். பணப்பை என்று நாம் சொல்லும் மென்பொருளினுள் நாணயம் எதுவும் இல்லை. நாணயத்தைச் செலவிடுவதற்கான இரகசியச் சாவியே அங்கு உண்டு. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பதிவுகள் வலையமைப்பிலுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாக வைக்கப்பட்டிருக்கும்.

அப்பதிவுகள் கட்டுக்கட்டாகவே சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டும் பிளொக் எனப்படும். (தமிழில் தொகுதி என்றும் எழுதுவர். ஆனால் நமது பாடத்தில் அச்சொல் முறைமையையும் குறிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்கப் பிளொக் என்றே எழுதுவோம்.) சராசரியாக 10 நிமிடத்திற்கு ஒரு பிளொக் உருவாகும். ஒரு பிளொக்கில் அடங்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. அது 1,000,000 மெய்நிகர் பைற்று ஆகும். மெய்நிகர் பைற்று என்பது 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின் பின் கொடுக்கல் வாங்கலின் அளவைக் குறிக்கப் பயன்படும் அலகாகும். இதனைச் சாதாரண பைற்று போலவே எண்ணிக் கணக்குச் செய்யலாம்.

பயனர் ஒருவர் அனுப்பும் கொடுக்கல் வாங்கல் உடனே பிளொக்கில் சேராது. முதலில் அது ஒவ்வொரு கணுவிலும் உள்ள காத்திருப்புத் தொகுப்பிற்குச் செல்லும். மெம்பூல் என்பது இதற்கு வழங்கும் பெயர். பிளொக்கை உருவாக்குவோர் அகழ்வோர் எனப்படுவர். அவர்கள் காத்திருப்புத் தொகுப்பிலிருந்து தமக்கு அதிக வருமானம் தருவனவற்றை முதலில் எடுப்பர். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வரிசை இங்கில்லை; இது ஏலம் போன்றது. காத்திருப்பவை ஒரு பிளொக்கின் கொள்ளளவை விஞ்சும்போது நெரிசல் ஏற்படும்.

கட்டணம் எதற்கு?

அனுப்பும் தொகையின் சதவீதமே கட்டணம் என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி விடும் தவறாகும். வங்கிப் பணமாற்றம் மனதில் இருப்பதால் இவ்வாறு நேர்கிறது. பிட்கொயினில் பிடிக்கும் இடத்திற்கே கட்டணம். தபாலகத்தில் பொதியை நிறுத்துப் பார்த்து முத்திரைக் கட்டணம் சொல்வார்கள் அல்லவா? உள்ளே இருப்பது பழைய புத்தகமா பட்டுச் சேலையா என்று பார்ப்பதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

கட்டணம் = கட்டண வீதம் × கொடுக்கல் வாங்கலின் அளவு

கட்டண வீதம் ஒரு மெய்நிகர் பைற்றுக்கு இத்தனை சடோசி எனத் தரப்படும். இன்று பரவலாகப் பயன்படும் ஒரு முகவரி வகையில் அளவைப் பின்வருமாறு ஏறத்தாழக் கணிக்கலாம்: நிலையான பகுதிக்கு 11, உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் 68, வெளியீடு ஒவ்வொன்றுக்கும் 31.

உதாரணம் 1: ஒருவர் ஓர் உள்ளீட்டைச் செலவிட்டு, பெறுநருக்கு ஒன்றும் மீதியாகத் தமக்கு ஒன்றுமாக இரண்டு வெளியீடுகளை அமைக்கிறார். வீதம் 20 சடோசி.
அளவு = 11 + 68 + (2 × 31) = 141 மெய்நிகர் பைற்று
கட்டணம் = 141 × 20 = 2,820 சடோசி

அவர் அனுப்புவது 0.01 பிட்கொயின் ஆயினும் 10 பிட்கொயின் ஆயினும் இவ்விடை மாறாது.

உதாரணம் 2: அதே வீதத்தில், முன்னர் சிறுசிறு தொகைகளாகப் பெற்ற மூன்று உள்ளீடுகளைச் சேர்த்து அனுப்பினால்,
அளவு = 11 + (3 × 68) + (2 × 31) = 277
கட்டணம் = 277 × 20 = 5,540 சடோசி

ஐயாயிரம் ரூபாவை ஒரே தாளாகக் கொடுப்பதற்கும் சில்லறையாக எண்ணிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆகவே, பயனர் தொகையைத் தட்டச்சுச் செய்த பின்னரே பணப்பையால் கட்டணத்தைச் சரியாகச் சொல்ல முடியும். எந்த உள்ளீடுகள் தேவை என்பது அதற்கு முன் தெரியாது. தொடக்கத் திரையிலேயே "இன்றைய கட்டணம் இவ்வளவு" என ஒரே தொகையைக் காட்டும் வடிவமைப்பு இக்காரணத்தால் தவறானதாகும். அங்கே வீதத்தைக் காட்டலாம், தொகையைக் காட்டலாகாது.

இன்னொன்றையும் மனதிற் கொள்க. கொடுக்கல் வாங்கலினுள் கட்டணம் என்று தனியாக ஒரு புலம் இல்லை. உள்ளீடுகளின் கூட்டுத்தொகையிலிருந்து வெளியீடுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் எஞ்சுவதே கட்டணம். மென்பொருள் மீதிக்கான வெளியீட்டை அமைக்க மறந்தால், மீதி முழுவதும் கட்டணமாகிவிடும். வலையமைப்பு அதனை ஒரு பிழையாகக் கருதாது.

மதிப்பீடு பெறப்படும் வழிகள்

வீதத்தை எவ்வளவு என வைப்பது? இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன.

ஒன்று, கடந்த காலத்தைப் பார்ப்பது. பிட்கொயின் கோர் என்னும் மென்பொருள், எந்த வீதத்தில் வந்தவை எத்தனை பிளொக்குகளுக்குள் உறுதிப்படுத்தப்பட்டன என்பதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். பயனர் 2 பிளொக், 6 பிளொக், 144 பிளொக் என ஓர் இலக்கைத் தெரிவு செய்தால், அதற்குரிய வீதத்தைத் திருப்பித் தரும். அதன் திரையில் 2 பிளொக் இலக்கிற்கு 20 நிமிடம் என்றும், 144 பிளொக் இலக்கிற்கு 24 மணித்தியாலம் என்றும், மிக நீண்ட இலக்காகிய 1,008 பிளொக்குகளுக்கு 7 நாள் என்றும் காட்டப்படும். 10 நிமிடத்தால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

மற்றது, இப்போதைய காத்திருப்புத் தொகுப்பைப் பார்ப்பது. எலெக்ட்ரம் பணப்பையில் இரண்டு வழிகளும் உண்டு. பயனர் விரும்பியதைத் தெரியலாம்.

எது சிறந்தது எனக் கேட்டால், ஒன்றை மட்டும் நம்புவது சிறந்ததன்று என்பதே விடை. பண்டிகைக்கு முதல்நாள் மாலை புறக்கோட்டையில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பவருக்கு, போன கிழமை இருக்கை தாராளமாகக் கிடைத்தது என்ற தகவல் உதவாது. கடந்த காலத்தைப் பார்க்கும் முறையில் திடீர் நெரிசல் பிந்தியே தெரியவரும்; நெரிசல் தணிந்த பின்னரும் சிறிது நேரம் உயர்ந்த வீதத்தையே கூறும். இப்போதைய நிலையை மட்டும் பார்க்கும் முறையோ, இனி வரவிருப்பவற்றை அறியாது. கீழுள்ள கணக்கு அதனை விளக்கும்.

உதாரணம் 3: ஒரு நேரத்தில் காத்திருப்புத் தொகுப்பின் நிலை பின்வருமாறு எனக் கொள்க. (அளவு மில்லியன் மெய்நிகர் பைற்றில்)

வீதம் 30 உம் அதற்கு மேலும் – 0.6
வீதம் 20 முதல் 29 வரை – 0.9
வீதம் 10 முதல் 19 வரை – 1.5
வீதம் 5 முதல் 9 வரை – 2.0
வீதம் 5 இலும் குறைவு – 3.0

மேலிருந்து கூட்டி வருக: 0.6, 1.5, 3.0, 5.0, 8.0. இவை திரள் மீடிறன்கள் போன்றவை. கணித பாடத்தில் செய்த அதே வேலைதான். ஒரு பிளொக் 1.0 கொள்ளும். ஆகவே அடுத்த பிளொக்கிலேயே சேர வேண்டுமானால் 20 – 29 வீச்சின் மேற்பகுதியிலாவது வீதம் இருத்தல் வேண்டும். 10 சடோசி கொடுப்பவருக்கு முன்னால் 3.0 இருக்கிறது. எனவே 3 பிளொக், அதாவது ஏறத்தாழ 30 நிமிடம்.

இவ்விடை புதிதாக எவரும் வராவிட்டால் மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு 10 நிமிடத்திலும் 10 சடோசிக்கு மேற்பட்ட வீதத்தில் 0.5 அளவு புதிதாக வந்து சேர்கிறது எனக் கொள்வோம். பிளொக் ஒன்று 1.0 ஐ அகற்றினாலும் வரிசை தேறலாகக் குறைவது 0.5 மட்டுமே.

தேவையான பிளொக்குகள் = 3.0 ÷ (1.0 − 0.5) = 6

30 நிமிடம் 60 நிமிடமாகிவிட்டது. புதிய வரவு 1.0 ஆக உயர்ந்தால் பகுதி எண் பூச்சியமாகும். பூச்சியத்தால் வகுக்கும் செய்நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும், அல்லது அர்த்தமற்ற எண்ணைக் காட்டும். வரவு 1.0 ஐத் தாண்டினால் விடை மறை எண்ணாக வரும்; "மறை 40 நிமிடத்தில் கிடைக்கும்" எனத் திரையில் தோன்றினால் பயனர் என்ன செய்வார்? ஆகவே வகுப்பதற்கு முன்னர் ஒரு நிபந்தனைச் சோதனை வேண்டும். வரவு கொள்ளளவுக்குச் சமமாகவோ கூடவோ இருப்பின், நேரத்தைச் சொல்லாது "இவ்வீதத்தில் எப்போது உறுதியாகும் எனக் கூற முடியாது, நெரிசல் கூடி வருகிறது" எனக் காட்டுவதே சரியாகும். சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று காட்டுவதும் ஒரு வெளியீடே.

10 நிமிடம் என்பது சராசரி

பிளொக்குகள் மணி அடித்தாற்போல 10 நிமிடத்திற்கு ஒன்றாக வருவதில்லை. நிகழ்தகவுப்படி, 100 தடவை காத்திருந்தால் ஏறத்தாழ 37 தடவை முதல் 10 நிமிடத்தினுள் ஒரு பிளொக்கும் வராது. ஏறத்தாழ 5 தடவை 30 நிமிடம் கடந்தும் வராது. இதில் பழுது எதுவும் இல்லை. வலையமைப்பின் இயல்பே அது.

ஆகையால் "10 நிமிடத்தில் உறுதியாகும்" என்ற வசனத்தை மென்பொருள் எழுதுவோர் தவிர்த்தல் வேண்டும். "பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தினுள்" என வீச்சாகக் கூறுவதே பொருத்தம். வசனம் சிறிது நீளும் என்று வடிவமைப்பாளர் முறையிடலாம். நீண்டால் நீளட்டும்.

நெரிசல் எவ்வளவு கடுமையாகலாம்?

2017 டிசம்பரில் பிட்கொயினின் விலை வேகமாக ஏறியபோது, ஒரு கொடுக்கல் வாங்கலுக்கான சராசரிக் கட்டணம் 50 அமெரிக்க டொலரைத் தாண்டியது. 2024 ஏப்பிரல் 20 ஆம் திகதி 840,000 ஆம் இலக்கப் பிளொக் உருவானது. அகழ்வோருக்குரிய புதிய நாணயப் பரிசு 6.25 இலிருந்து 3.125 ஆகக் குறைந்த பிளொக் அதுவே. ரூன்ஸ் என்ற புதிய வகை வில்லைகளைப் பதிவு செய்யவும் அப்பிளொக்கில் இடம்பிடிக்கவும் பலர் போட்டியிட்டனர். அந்த ஒரு பிளொக்கில் மாத்திரம் 37.6 பிட்கொயின் கட்டணமாகச் சேர்ந்தது. இது பரிசின் 12 மடங்கு ஆகும். அந்நாளின் சராசரிக் கட்டணம் 100 டொலரையும் தாண்டியது. அன்று எவருக்கேனும் 20 டொலர் அனுப்ப விரும்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பணப்பை செய்திருக்க வேண்டிய பெரிய உதவி, "இப்போது நெரிசல் மிக அதிகம், அவசரமில்லாவிடின் காத்திருக்கலாம்" என்ற ஒரு வரியாகும்.

நெரிசல் இல்லாத நாளிலும் இழப்பு நேரலாம். 2023 செப்டெம்பரில் பக்ஸோஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 2,000 டொலர் பெறுமதியான பிட்கொயினை அனுப்புகையில் கட்டணமாக 19.8 பிட்கொயின் சென்றுவிட்டது. அதன் அப்போதைய பெறுமதி 500,000 டொலருக்கு மேல். மென்பொருள் வழுவே காரணம் என நிறுவனம் கூறியது. அப்பிளொக்கை உருவாக்கிய எஃப்2பூல் என்ற அகழ்வோர் குழு தொகையைத் திருப்பிக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என எவ்விதியும் இல்லை.

தரவு செல்லுபடியாக்கலில் நீங்கள் படித்த வீச்சுச் சோதனை இங்கேதான் பயன்படுகிறது. பிட்கொயின் கோர் மென்பொருளில் இயல்புநிலை உச்சக் கட்டணம் 0.1 பிட்கொயின் ஆகும். அதற்கு மேற்பட்ட கட்டணத்துடன் அதன் பணப்பை அனுப்ப மறுக்கும். இச்சோதனையைப் போலிக் குறிமுறையில் எழுதுவோம்.

தொடக்கம்
வாசி வீதம், அளவு, தொகை, உச்சவெல்லை
கட்டணம் = வீதம் × அளவு
கட்டணம் > உச்சவெல்லை எனின்
    காட்டு "கட்டணம் எல்லை மீறியது. அனுப்பப்படவில்லை."
இன்றேல்
    கட்டணம் > தொகை × 0.1 எனின்
        காட்டு "கட்டணம் அனுப்பும் தொகையின் பத்திலொன்றிலும் கூட."
    முடிவு எனின்
    காட்டு கட்டணம், எதிர்பார்க்கும் நேரம்
    பயனரின் சம்மதத்தைப் பெறு
முடிவு எனின்
முடிவு

இரண்டு சோதனைகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைக் கவனிக்குக. முதலாவது தடுக்கும். இரண்டாவது எச்சரிக்கும், முடிவைப் பயனரிடம் விடும். சிறு தொகையை அவசரமாக அனுப்ப வேண்டியவர் பத்திலொன்றைக் கட்டணமாகக் கொடுக்க நியாயமான காரணம் இருக்கலாம்.

திரையில் காட்டுவது எவ்வாறு?

பணப்பைகள் பல "மெதுவாக, நடுத்தரம், விரைவாக" என மூன்று தெரிவுகளைக் காட்டும். சொல் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மொத்தக் கட்டணமும் எதிர்பார்க்கும் நேர வீச்சும் இருத்தல் வேண்டும். சடோசியில் மட்டும் காட்டினால் புதியவருக்கு விளங்காது; ஆகவே ரூபாவிலும் காட்டலாம். ஒரு பிட்கொயின் ரூபா 30,000,000 எனக் கணிப்புக்காகக் கொண்டால், உதாரணம் 1 இன் 2,820 சடோசி ரூபா 846 ஆகும். நாணய மாற்று விலை கணத்துக்குக் கணம் மாறுவதால் "ஏறத்தாழ" என்ற சொல்லை விடக்கூடாது.

நெரிசலைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டுவது வழக்கம். நிறத்தால் மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டார். பக்கத்தில் "குறைவு", "அதிகம்" எனச் சொல்லையும் எழுதுதல் வேண்டும்.

மதிப்பீடு எப்போது பெறப்பட்டது என்ற நேரமும் திரையில் தேவை. இணைய இணைப்பு அறுந்து ஒரு மணித்தியாலம் கடந்த பின், பழைய வீதத்தையே புதியது போலக் காட்டுவது பயனரை ஏமாற்றுவதாகும். "இறுதியாகப் பெறப்பட்டது: காலை 9.40" என இருந்தால் அவரே தீர்மானிப்பார்.

அனுப்பிய பின்னரும் பணப்பையின் வேலை முடிவதில்லை. வீதம் போதாது போய்ச் சிக்கிக்கொண்ட கொடுக்கல் வாங்கலுக்குப் பதிலாக, கூடிய கட்டணத்துடன் அதனையே மீண்டும் அனுப்பி முன்னையதை மாற்றீடு செய்யலாம். "கட்டணத்தை உயர்த்து" என்ற பொத்தான் இதற்காகவே. அப்பொத்தான் இல்லாத பணப்பையில் தொடக்க மதிப்பீட்டின் மீதே முழுப் பாரமும் விழும். பயனர் பயத்தினால் தேவைக்கு மேல் கொடுப்பார்.

எதீரியம் பற்றிச் சுருக்கமாக

எதீரியம் வலையமைப்பில் 2021 ஆகஸ்ட் 5 முதல் வேறொரு முறை நடைமுறையில் உள்ளது. அடிப்படைக் கட்டணத்தை வலையமைப்பே நிர்ணயிக்கும். பயனர் அதற்கு மேல் சிறு ஊக்கத்தொகை சேர்ப்பார். பிளொக் நிரம்பி வந்தால் அடுத்த பிளொக்கில் அடிப்படைக் கட்டணம் உச்சமாக 12.5% கூடும், வெறுமையாக வந்தால் அவ்வாறே குறையும். அடுத்த பிளொக்கின் அடிப்படைக் கட்டணத்தை ஊகிக்க வேண்டியதில்லை, கணித்தே சொல்லலாம். ஆயினும் 12.5% சிறிதென எண்ண வேண்டாம். கூட்டு வட்டிக் கணக்குப் போலச் செய்து பார்த்தால், தொடர்ந்து 6 பிளொக்குகள் முழுமையாக நிரம்பும்போது அது இரு மடங்கைச் சற்றுத் தாண்டும். அங்கே 12 செக்கனுக்கு ஒரு பிளொக் என்பதால், இதற்கு 72 செக்கன் போதும். பயனர் திரையை வாசித்து முடிப்பதற்குள் கட்டணம் இரட்டித்துவிடலாம். அதனாலேயே எதீரியப் பணப்பைகள் மதிப்பிட்ட கட்டணத்துடன் உச்சக் கட்டணம் ஒன்றையும் சேர்த்துக் காட்டுகின்றன.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டு உள்ளீடுகளும் இரண்டு வெளியீடுகளும் கொண்ட கொடுக்கல் வாங்கலின் அளவைக் கணித்து, வீதம் 15 சடோசி எனின் கட்டணத்தைக் காண்க. (3 புள்ளிகள்)

2. ஒருவரின் வீதத்திற்கு மேல் 4.8 மில்லியன் மெய்நிகர் பைற்று காத்திருக்கிறது. 10 நிமிடத்திற்கு 0.4 மில்லியன் புதிதாக வருகிறது. எதிர்பார்க்கும் நேரம் யாது? புதிய வரவு 1.2 மில்லியனாக உயர்ந்தால் பணப்பை எதனைக் காட்ட வேண்டும்? (4 புள்ளிகள்)

3. "கட்டணம்: தொகையின் 1%. பணம் 20 நிமிடத்தில் கிடைக்கும்." இத்திரைச் செய்தியிலுள்ள இரண்டு குறைபாடுகளைக் குறிப்பிட்டு, செய்தியைத் திருத்தி எழுதுக. (4 புள்ளிகள்)

4. இப்பாடத்தில் தரப்பட்ட போலிக் குறிமுறைக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைக. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்: வினா 1 இல் அளவு 209, கட்டணம் 3,135 சடோசி. வினா 2 இன் முதற்பகுதிக்கு 8 பிளொக், ஏறத்தாழ 80 நிமிடம்; இரண்டாம் பகுதிக்கு எண் எதுவும் எழுதினால் புள்ளி இல்லை. வினா 3 இல் திருத்திய செய்தியில் "ஏறத்தாழ" அல்லது "பெரும்பாலும்" என்ற சொல்லும் நேர வீச்சும் இருத்தல் வேண்டும். வினா 4 இல் தீர்மானப் பெட்டிகள் இரண்டு வரும். இரண்டாவது பெட்டியின் "ஆம்", "இல்லை" ஆகிய இரு கிளைகளும் கட்டணத்தைக் காட்டும் ஒரே பெட்டியில் வந்து சேர வேண்டும். பலர் "ஆம்" கிளையை முடிவுக்குக் கொண்டு சென்றுவிடுவர்.